அவருக்கு நான் வாசித்தேன்

சத்தமாக வாசிப்பதில் ஒரு பக்குவம் இருக்கிறது. வேகமாகப் போனால் கேட்பவருக்கு மூச்சு முட்டும், இழுத்தால் தூங்கிவிடுவார். எனக்கு அது ஐம்பது வயதுக்கு மேல்தான் கைவந்தது. அதுவரை எங்கள் வீட்டில் வாசிப்பு என்பது என் கணவரின் தனிச்சொத்து.

அவர் பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஓய்வு பெற்ற பிறகு திருத்துவதற்கு நான்தான் மிச்சம். கல்யாணமான நாளிலிருந்து அவர் முகத்தைப் பார்த்ததைவிட, அவர் விரித்துப் பிடித்த செய்தித்தாளைப் பார்த்ததுதான் அதிகம். குறையாகச் சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன்.

கண்புரை முதலில் சட்டையில்தான் தெரிந்தது. “என்ன, சட்டையெல்லாம் பழுப்பா இருக்கு? சோப்பு போடுறியா இல்லையா?” என்றார். ஊறவைத்து, நீலம் போட்டு, கை எரியத் துவைத்தேன். மறுபடியும் பழுப்பு என்றார். எனக்கோ பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு டம்ளருக்கு வெளியே காபியை ஊற்றினார். எதிரே வரும் வண்டி விளக்கு பூப்பூவாகச் சிதறுகிறது என்று, இருட்டினால் தெருவில் இறங்கவே பயந்தார். கடைசியில் எழுத்தும் கலங்கியது. வெளிச்சம் போதவில்லை என்று புத்தகத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோவார். வெயில் பட்டதும் கண் கூசி, ஒன்றும் தெரியாமல் திரும்பி வருவார். ஒருநாள் புத்தகத்தை என் மடியில் வைத்து, “நீ வாசியேன்” என்றார்.

அன்றைக்குத்தான் எனக்குக் கல்யாணம் ஆனது என்றால் சிரிப்பீர்கள்.

தினமும் மாலையில் வாசித்தேன். அவர் முகம் என் பக்கம் திரும்பியிருக்கும். நான் நிறுத்தினால் “அப்புறம்?” என்பார். வெளியே போனால் என் கையைப் பிடித்துக்கொள்வார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கண் டாக்டர் நல்ல மனிதர். இவரை வெளியே உட்காரவைத்துவிட்டுச் சீட்டு வாங்க நான் உள்ளே போனபோது, “எப்ப வேணும்னாலும் ஆபரேஷன் பண்ணிக்கலாம்மா. பழையபடி படிப்பாரு” என்றார். நான் வெளியே வந்து, “இன்னும் முத்தலையாம். பொறுக்கச் சொல்றாங்க” என்றேன். முன்பெல்லாம் புரை முற்றினால்தான் ஆபரேஷன் என்பார்கள், அதனால் அவரும் நம்பினார். அதன்பிறகு டாக்டரிடம் கேட்டுவர நான் மட்டுமே போனேன். அவருக்குக் கெடுதல் நினைக்கவில்லை. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நான் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்த சமயம், அவருடைய தங்கை வந்து அவரை வேறு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ஒரு கண்ணில் ஆபரேஷன் செய்துவிட்டாள். “உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அண்ணன்தான் சொன்னாரு, அண்ணி. பயந்துடுவீங்களாம்” என்றாள். திரும்பி வந்தபோது அவர் கறுப்புக் கண்ணாடியோடு செய்தித்தாளை விரித்திருந்தார். கொடியில் காய்ந்த சட்டைகளைப் பார்த்து, “பரவாயில்லையே, இப்பத்தான் ஒழுங்கா துவைக்கிறே” என்றார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, அவர் தங்கையிடம் பேசியது காதில் விழுந்தது.

“அப்பாடா, இனிமே அவ வாசிக்கிறதைக் கேட்டுட்டு உட்கார வேண்டியதில்லை. ஒரே இழுவை. வேற வழியில்லாம தலையாட்டிட்டு இருந்தேன்.”

பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைத்தேன். அத்தனை மாலையும் அவர் கேட்ட ஒவ்வொரு “அப்புறம்?” பொய் என்றால், என்னை இதைவிடக் கேவலமாக யார் ஏமாற்ற முடியும்?

தங்கை ஊருக்குப் போனதும் சொட்டு மருந்து விடுகிற வேலை எனக்கு வந்தது. என் மடியில் தலைவைத்துச் சமர்த்தாகக் கண்ணைத் திறந்து படுத்திருப்பார். புட்டியில் இருந்த மருந்தைத் தொட்டியில் கொட்டிவிட்டு, குளியலறை வாளியிலிருந்து தண்ணீர் நிரப்பியிருந்தேன். தண்ணீர்தானே, விஷம் இல்லையே. கண் சிவந்தபோது, “ஆபரேஷன் பண்ணின கண்ணுன்னா அப்படித்தாங்க இருக்கும். போகப்போக சரியாயிடும்” என்றேன். வலி தாங்காமல் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுத அன்று நானே ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். சீழ் பிடித்துவிட்டது, அந்தக் கண் இனித் தேறாது என்றார்கள். மருந்தை ஒழுங்காகப் போட்டீர்களா என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

“என் சம்சாரம் ஒரு வேளைகூடத் தவறினதில்லை, டாக்டர்.”

அது உண்மைதான்.

இப்போது மறுபடியும் மாலையில் வாசிக்கிறேன். “அப்புறம்?” என்கிறார். இந்தத் தடவை மனசாரக் கேட்கிறார் என்று குரலிலேயே தெரிகிறது. மற்ற கண்ணுக்கும் ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று தங்கை ஒற்றைக்காலில் நிற்கிறாள். பயந்துகொண்டே இருந்தவர் நேற்றுத்தான் ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டாராம்: சொட்டு மருந்தை நான்தான் விடவேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது.

இத்தனை வருஷத்தில் அவர் என்னை இந்த அளவுக்கு நம்பியதே இல்லை. பழைய புட்டியைக் கழுவி எடுத்துவைத்திருக்கிறேன். நம்பினவர்களை ஏமாற்ற, அவரைப் போல எனக்குத் தெரியாது.