இம்பாலாவுக்கு ஏற்ற சம்பந்தம்

கார் என்றால் கூரைக்குக் கீழே நிற்க வேண்டும். இதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்காது என்று நினைக்கிறேன். வெயிலும் மழையும் பட்டால் பெயிண்ட் வெளுக்கும், குரோமியம் துருப்பிடிக்கும், பிறகு எவ்வளவு அழுதாலும் பழையபடி வராது. கோயில் கமிட்டியார் நீங்கள் என்னை உட்காரவைத்து விசாரிக்கிற இந்த விஷயம் முழுவதும் இந்தச் சின்ன உண்மையிலிருந்து வந்ததுதான். ஒளிக்க ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது ஐம்பத்தொன்பதாம் வருஷத்து செவ்ரோலெட் இம்பாலா. கோயம்புத்தூரில் ஒரு மில் முதலாளியிடமிருந்து என் அப்பா வாங்கியது. நீளம் பதினேழரை அடிக்கு மேல். பின்னால் இரண்டு பக்கமும் பருந்து இறக்கை விரித்த மாதிரி தகடு. முன் சீட்டில் மூன்று பேர் வேட்டி கசங்காமல் உட்காரலாம். அவிநாசி ரோட்டில் அதை ஓட்டிப் போனால் லாரிக்காரர்கள்கூட ஒதுங்கி நின்று பார்ப்பார்கள். இப்போது வருகிற கார்களைப் பாருங்கள். கதவைச் சாத்தினால் டிபன் டப்பா மூடுகிற சத்தம். அதற்குள் குடும்பமே மடங்கி உட்கார்ந்துகொண்டு, பெருமையாகக் கண்ணாடியை வேறு ஏற்றிக்கொள்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

எனக்கு ஒரே மகள், நித்யஸ்ரீ. எனக்குப் பிறகு வண்டி அவளோடுதான் போக வேண்டும். ஆகவே மாப்பிள்ளை தேட ஆரம்பித்தபோது, மற்றத் தகப்பன்மார் பார்ப்பதைவிட ஒன்று கூடுதலாகப் பார்த்தேன். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவது நம் வழக்கம்தானே. என்னோடு வந்தவர்கள் கிணற்றையும் தென்னையையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் கை கழுவுவதாகச் சொல்லி வெளியே வந்து, இடுப்பில் செருகியிருந்த டேப்பால் போர்டிகோவை அளப்பேன்.

பெருந்துறைக்காரர்கள் நல்ல குடும்பம். மாப்பிள்ளை டாக்டர், தங்கமான பையன். ஆனால் போர்டிகோவின் நடுவே ஒரு தூணைக் கட்டி வைத்திருந்தார்கள். காரமடையில் தூண் இல்லை, ஆனால் வண்டியின் பின்பக்கம் முழுக்க மழையில் நிற்கும். அந்த மாதிரி வீட்டில் பெண்ணைக் கொடுக்க எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்?

முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் கிடையாது. அவர்கள் கொடுத்த காபியையும் குடித்தாகிவிட்டது. பூ கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். அம்மன் காலடியில் வைக்கும் இரண்டு இலைப் பொட்டலங்களில் ஒன்றில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு. எடுத்த பொட்டலத்தில் வெள்ளை இருந்தால் சம்மதம், சிவப்பு என்றால் இல்லை. பொட்டலம் கட்டுவது குடும்பத் தலைவன் என்ற முறையில் நான். எடுப்பது என் மனைவி துளசிமணி. நான் இரண்டிலும் சிவப்பையே வைத்தேன். அம்மனை ஏமாற்றிவிட்டேன் என்று உங்களில் ஒருவர் சொன்னார். அது பெரிய வார்த்தை. அம்மனுக்கு யோசிக்கிற வேலையைக் குறைத்தேன், அவ்வளவுதான். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கும் வழக்கமும் இல்லை. பூசாரி அங்கப்பன் அதை அப்படியே செடியடியில் போட்டுவிடுவார்.

இப்படிச் சில வருஷங்கள் போயின. பெண்ணுக்கு ஏதோ தோஷம் என்று ஊரில் பேச ஆரம்பித்தார்கள். துளசிமணி ஜோசியர் ஜோசியராக அலைந்தாள். நித்யஸ்ரீ வெள்ளிக்கிழமைகளில் சாப்பாட்டை விட்டாள், பிறகு செவ்வாய்க்கிழமையும் விட்டாள். பரிகாரம் சொன்ன கோயிலுக்கெல்லாம் நானே இம்பாலாவில் அழைத்துப் போனேன். பின் சீட்டில் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு அழுவாள். இந்தக் காலத்துக் காராக இருந்தால் அதற்குக்கூட இடம் இருந்திருக்காது. ஒரு தகப்பனாக எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

அப்புறம் சாய்சரண் வந்தான். அவளோடு வேலை பார்க்கிறவன், மரியாதையான பையன். சரவணம்பட்டியில் நாலாவது மாடியில் ஃப்ளாட். கீழே அவனுக்கு ஒதுக்கியிருந்த பார்க்கிங்கைப் போய்ப் பார்த்தேன். இம்பாலாவின் பானட்டை மட்டும் கழற்றிக் கொண்டுபோய் வைக்கலாம்.

நித்யஸ்ரீக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது. கோயிலுக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்த ஒரு தடவ நல்லா வேண்டிக்கிட்டுக் கட்டுங்கப்பா,” என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சரி கண்ணு என்றேன். வேண்டிக்கொண்டுதான் கட்டினேன். இரண்டும் சிவப்பு.

துளசிமணி ஒன்றை எடுத்தாள், பிரித்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நித்யஸ்ரீ அழவில்லை. மற்றப் பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். அதைப் பிரிப்பதில்லை அம்மணி என்று அங்கப்பன் தடுத்தார்.

“அம்மனோட சம்மதம் எப்படி இருக்கும்னு கண்ணுலயாச்சும் பாத்துக்கறேனுங்க,” என்று சொல்லிப் பிரித்துவிட்டாள்.

அதிலும் சிவப்பு. சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டாள்.

“அப்போ அம்மன் என்னைய வேண்டாம்னு சொல்லவே இல்லீங்களாப்பா?”

“இல்ல கண்ணு. உம்மேல ஒரு குறையும் இல்ல. போர்டிகோதான் பத்தல.”

நேர்மையான பதில்தான். ஆனாலும் அவள் தாயைக் கைபிடித்து எழுப்பி, இம்பாலாவில் ஏறாமல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வாரம் கல்யாணம் என்று கேள்வி. தாரை வார்க்க என் மைத்துனரைக் கேட்டிருக்கிறார்களாம். துளசிமணியும் வீட்டுக்குத் திரும்பவில்லை. பாவம், இரண்டு பேரும் எதில் நெருக்கிக்கொண்டு போய் வருகிறார்களோ.

நீங்கள் கேட்ட எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். என்ன தண்டனை என்றாலும் சரி. ஆனால் மகள் கோபித்துக்கொண்டு போனதால் எனக்குப் பிறகு வண்டிக்கு யாரும் இல்லை என்பதையும் நீங்கள் மனசில் வைக்க வேண்டும். நம் கோயில் அன்னதானக் கூடம் நல்ல நீளம். நீங்கள் வருவதற்கு முன்பே அளந்து பார்த்துவிட்டேன். பந்தியில் ஒரு வரிசையைக் குறைத்தால் போதும். அம்மனைக் கேட்காமல் முடியாது என்றால் அதற்கும் நான் தயார். இத்தனை வருஷத்தில் அம்மன் என் விருப்பத்துக்கு மாறாக ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.