துடைக்கப்பட்ட கமராப் பதிவு தொடர்பாக ஐஸ் வியாபாரி ஜமால்தீன் கூறியது

எனது பெயர் மீராசாகிபு ஜமால்தீன். வயது ஐம்பத்தெட்டு. சொந்த இடம் கிண்ணியா. தொழில் நிமித்தம் திருகோணமலை மீன்பிடி இறங்குதுறைக்கு முன்னாலுள்ள எனது கடையின் மேல்மாடியில் தங்குகிறேன். ஐஸ்கட்டி, வலைச் சாமான், இயந்திர உதிரிப்பாகம் விற்கிறேன். சைக்கிளில் ஐஸ் கட்டிக்கொண்டு திரிந்து இந்த நிலைக்கு வந்தவன். தமிழ் எழுத வாசிக்கத் தெரியும், சிங்களம் பேசுவேன், கணினி இயக்கத் தெரியாது. எனது கடையில் கணக்கு வேலை பார்க்கும் அன்புவழிபுரத்தைச் சேர்ந்த சுதர்ஷினி என்பவர், சாட்சியத்தை அழித்தார் என்று நேற்று முதல் இந்தப் பொலிஸ் நிலையத்தில் வைக்கப்பட்டிருக்கிறார். அவர் செய்தது நான் சொல்லிச் செய்தது என்பதால், ஒருவரும் அழைக்காமல் நானாக வந்து இதைக் கூறுகிறேன்.

கடைக் கணினி பழையது. கப்பல் முகவர் கந்தோர் ஒன்று மூடப்பட்டபோது கதிரை, அலுமாரியோடு சேர்த்து வாங்கினேன். காலையில் அதைப் போட்டுவிட்டுத் தேநீர் குடித்து முடித்தாலும் அது எழும்பாது. பில்லுக்காக நிற்கும் வள்ளக்காரர் ஐஸ் உருகுது என்று ஏசுவார்கள். சுதர்ஷினி சில கிழமைகளாகவே, "முதலாளி, இப்ப இதை ஓட்டுற மென்பொருளை இந்தக் கிழட்டுப் பெட்டியால இழுக்க ஏலாது. லினக்ஸ் எண்டு ஒண்டு இருக்கு. அதில பாரமில்லாத வகை ஒண்டைப் போடுவம், காசில்லை" என்று சொல்லி வந்தார். "சும்மா தாறவன் பிறகு என்ன கேப்பான்?" என்று நான் கேட்டேன். "ஒண்டும் கேக்கமாட்டினம். எல்லாரும் உங்களைப் போலயே முதலாளி?" என்றார். நான் சிரித்துவிட்டுச் சம்மதித்தேன்.

கடந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை பூட்டும் நேரத்தில் அந்த வேலை ஆரம்பமானது. அவர் முதலில் எதையும் அழிக்காமல், பென் ட்ரைவில் இருந்தபடியே புதியதை ஓடவிட்டு, பிரிண்டர் வேலை செய்வதை எனக்குக் காட்டினார். அதன் பின்னர் கணக்குகளையும் விலைப்பட்டியலையும் வேறொரு பென் ட்ரைவில் எடுத்து வைத்தார். அதன் பின்னர், நான் தொழுகைக்குப் புறப்பட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கையில், "பழையதையும் பக்கத்தில வைக்கவோ, முழுக்கத் துடைக்கவோ எண்டு கேக்குது முதலாளி. ரெண்டுக்கும் இடம் காணாது. வேற ஏதும் எடுக்க இருக்கோ?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை, துடையுங்கோ" என்றேன். அவர் மறுபடியும் கேட்டார். நேரமாகிறது என்று அதட்டிவிட்டுப் போனேன்.

கமரா பற்றிக் கூறுவதாவது: ஐஸ் பெட்டியில் களவு போவதைத் தடுக்கக் கடை முகப்பில் ஒரு கமரா பூட்டியிருக்கிறேன். அதில் இறங்குதுறைப் படிக்கட்டு முழுதாகத் தெரியும். படங்கள் கமராவுக்குள் இருக்கும் சின்னக் கார்டில் பதிவாவதாகவே சுதர்ஷினி அறிந்திருந்தார். போன வருடம் அவர் விடுமுறையில் நின்றபோது, அந்தக் கார்டைக் கழற்றி எனது கைத்தொலைபேசியில் போட்டுக்கொண்டேன். புதுக் கார்டு வாங்க மனமில்லாமல், கமரா பூட்டியவரைக் கொண்டு படங்கள் நேரே கணினியில் பதிவாகும்படி மாற்றுவித்தேன். அதைச் சுதர்ஷினிக்குச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை எனக்கும் அது நினைவில் வரவில்லை. தொழுதுவிட்டு வந்தபோது கணினி போட்டவுடன் எழும்பியது. புதியதின் அடையாளமாம், திரையில் எலிப் படம் ஒன்று தெரிந்தது. சந்தோஷப்பட்டேன்.

சனிக்கிழமை காலை, சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த யோகம்மா கடைக்கு வந்தார். அவருடைய மகன் கோகுலன், பாக்கியரத்தினம் என்பவரின் போட்டில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். வியாழக்கிழமை விடியுமுன் தொழிலுக்கென்று வீட்டை விட்டு வந்தவர் திரும்பவில்லை. போட் அன்று மாலை வந்துவிட்டது. கோகுலன் அன்றைக்குப் போட்டுக்கே வரவில்லை, வேறு ஆளைக் கொண்டு போனேன் என்று பாக்கியரத்தினம் சொல்லியிருக்கிறார். பொடியன் களவாக வள்ளமேறி அவுஸ்திரேலியாவுக்கு மாறியிருப்பான் என்று ஊரில் கதை. யோகம்மா என்னிடம், அண்ணன் முறை வைத்து, "நானா, உங்கட கமராவில படி தெரியுந்தானே. என்ர பிள்ளை போட்டில ஏறினவனோ இல்லையோ, அதை மட்டும் காட்டுங்கோ. ஏறேல்லை எண்டா நான் ஊருக்குள்ள தேடுறன். ஏறினவன் எண்டா கடலில தேடச் சொல்லுறன்" என்றார்.

நான் சுதர்ஷினியிடம் வியாழக்கிழமைப் படத்தைப் போடச் சொன்னேன். "அது கார்டில எல்லோ?" என்றார். "கார்டில்லை, கம்பியூட்டரிலதான்" என்றேன். அவர் குனிந்து சுவரிலிருந்து கணினி வயரை இழுத்துவிட்டார். ஒரு வள்ளக்காரரின் பில் பாதியில் நின்றது. "கரண்ட் போயிட்டுதோ? பரவாயில்லை, நான் இருக்கிறன்" என்று யோகம்மா ஐஸ் பெட்டியோரமாக நிலத்தில் குந்தினார். அவருக்கு விடயத்தைச் சொன்னது சுதர்ஷினிதான்.

அதன் பின்னர் சுதர்ஷினி எனக்கு விளங்கப்படுத்தினார். துடைத்தது எல்லாம் உடனே அழிந்துவிடாது. அதன் மேல் புதிதாக எதுவும் எழுதப்படாவிட்டால், மீட்டெடுக்கக்கூடிய ஆட்கள் கொழும்பில் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறை கணினியைப் போடும்போதும் பழையது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும் என்றார். அன்று முதல் கடையில் பில் கையால் எழுதப்படுகிறது.

படம் அழிந்த கதை அதற்குள் இறங்குதுறை முழுக்கப் பரவிவிட்டது. அன்று பின்னேரம் பாக்கியரத்தினம் கடைக்கு வந்தார். என்னிடம் அதிகமாக ஐஸ் எடுப்பவர் அவர். தோளில் கை போட்டு, "நானா, பெரிய உதவி" என்றார். "நான் உமக்கு ஒண்டும் செய்யேல்லையே" என்றேன். "நானும் ஒண்டும் கேக்கேல்லையே. எண்டாலும் மறக்கமாட்டன்" என்று சிரித்தார். ஐஸ் தரமாட்டேன், வேறு இடம் பாருங்கள் என்று சொன்னேன். கோகுலன் ஏறினாரா என்று அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கணினியைச் சாக்கில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இந்த நிலையத்தில் ஒப்படைத்தேன். இதை எவரும் போடக்கூடாது, மீட்கத் தெரிந்தவர்களுக்கு அப்படியே அனுப்ப வேண்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் சுதர்ஷினி எழுதிய தாள் பெட்டியில் ஒட்டப்பட்டிருந்தது. வாயாலும் சொன்னேன். திங்கட்கிழமை சுதர்ஷினியை விசாரணைக்கென்று அழைத்தார்கள். அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை.

மேற்கண்டவற்றை இன்று கூறிக்கொண்டிருக்கையில் எனது மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தபோது, இந்த வாக்குமூலம் தட்டச்சாகும் மேசைக்குக் கீழே எனது கடைக் கணினி ஓடிக்கொண்டிருக்கக் கண்டேன். ஒட்டிய தாளும் அப்படியே இருந்தது. பதிவு செய்யும் உத்தியோகத்தரிடம் கேட்டதற்கு, நிலையத்துக் கணினி பழுது என்றும், நேற்று முதல் இதில்தான் எழுதுவதாகவும், நல்ல வேகமாக ஓடுகிறது என்றும் கூறினார். சுதர்ஷினியின் வாக்குமூலமும் இதில்தான் எழுதப்பட்டதாம். இதை எழுத வேண்டும் என்று கேட்டேன். சம்பந்தமில்லாத விடயம் என்றார். "நீங்கள் இஞ்ச இருந்து துடைக்கிறீங்கள் சேர், துடைச்சது எண்டு என்ர ஆளைப் பிடிச்சு வைச்சிருக்கிறீங்கள்" என்றேன். எழுதாவிட்டால் ஒப்பமிட மாட்டேன் என்றேன். அதன் பிறகே எழுதினார். இதுவரை உள்ளது அச்செடுக்கப்பட்டு, கணினி நிறுத்தப்படுகிறது.

(இதன் கீழ் உள்ளவை கையால் எழுதப்பட்டவை.)

வயரை நானே இழுத்தேன். இனி அதில் என்ன மிச்சம் என்று எனக்குத் தெரியாது. இருப்பதையாவது இன்றே கொழும்புக்கு அனுப்பும்படி கேட்கிறேன். துடைக்கச் சொன்னவன் நான். போடக்கூடாது என்று எழுதி ஒட்டியவர் சுதர்ஷினி. வழக்கு வைப்பதானால் முதலில் என் பெயரை எழுதுங்கள்.

படம் வரும்வரை கோகுலனைத் தேடாமல் இருக்க ஏலாது. ஏறினாரா இல்லையா என்று தெரியாதபடியால் இரண்டு இடத்திலும் தேட வேண்டும். கடலில் தேடுவதற்கு எனது பொறுப்பில் இரண்டு வள்ளங்கள் இறங்குதுறையில் ஆட்களோடு நிற்கின்றன. கடற்படை தடுக்காமல் விடும்படி நிலையத்தின் கடிதம் மட்டும் தேவை. யோகம்மா வெளியே மரவாங்கில் உட்கார்ந்திருக்கிறார். முதல் வள்ளத்தில் தானும் ஏறுவதாகச் சொல்கிறார்.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னதில் கூட்டியதும் இல்லை, விட்டதும் இல்லை. அந்தக் கடிதம் கைக்கு வந்து, சுதர்ஷினி வெளியே வரும்வரை இந்தக் கதிரையிலேயே இருப்பேன் என்பதையும் எழுதச் சொன்னேன், எழுதப்பட்டது. அனைத்தும் உண்மை என்று ஏற்று ஒப்பமிடுகிறேன்.

மீ. ஜமால்தீன்