சாவியை எடுத்த பிறகும் சுற்றிய விசிறி

செவிலிமேட்டு டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கார் எலக்ட்ரீஷியன். அவர் பக்கத்தில், மடியில் பட்டுநூல் மூட்டையோடு ஒரு நெசவாளர்.

"வண்டி ஆஃப், சாவி டிரைவர் கையில. பானட்டுக்குள்ள விசிறி மட்டும் சுத்திக்கினே இருக்குதுபா!" என்றார் எலக்ட்ரீஷியன்.

"எந்த வண்டி?"

"கருட சேவையில பிரசாதக் கூடைங்களை ஏத்திக்கினு சாமி பின்னாடி ஊர்ந்து வருமே, அந்த டாக்சி. வருஷா வருஷம் ரேடியேட்டர் கொதிச்சி நடுத்தெருவுல நின்னுடும். அதான் கரண்ட் விசிறி மாட்டினேன். மொதல்ல கரண்ட்டை நேரா சுவிட்ச் வழியா வுட்டேன், சுவிட்சே உருகிப்போச்சு."

"அப்புறம்?"

"நடுவுல ரிலே வெச்சேன். சூடு ஏறினா தானா போடுற சுவிட்சு ஒண்ணு, அதுக்கு உன் பட்டு இழையாட்டம் மெல்லிசா ஒரு வயரு. அது ரிலேவை எழுப்புறதோட சரி. பேட்டரி கரண்ட்டு மொத்தத்தையும் ரிலேதான் தாங்குது. சாவி வழியா போவல, அதான் சாவியை எடுத்தாலும் சூடு தணியிறவரைக்கும் சுத்தும்."

"டிரைவர் என்ன சொன்னாரு?"

"பானட்டைத் தொறந்து பார்த்தாரு. செருப்பைக் கழட்டிட்டு கன்னத்துல போட்டுக்கினாரு."

நெசவாளர் சிரித்தார். "வயரு வேலைதான்னு நீ சொல்லக் கூடாதா?"

எலக்ட்ரீஷியன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்க சொல்றது? வயரு மாட்டினவனே நான், சாவி இல்லாம அது சுத்துறதைப் பார்த்ததும் அவருக்கு முன்னாடியே செருப்பைக் கழட்டிட்டு நின்னுக்கினு இருந்தேன்."