கைக்கெட்டுற தூரத்துல

இல்லக்கா, எழுந்திரிக்காதீங்க, அப்படியே உக்காருங்க. கண்ணாடி என் கையில இருக்கு, நீங்க எங்கயாவது போய் முட்டிக்கிட்டா அந்தப் பாவம் வேற எனக்கா? எங்க, இது எத்தனைன்னு சொல்லுங்க, என் விரலு. மூணா? அய்யோ அக்கா, நான் கையே தூக்கல. அது ரெண்டு ஸ்குரூ டிரைவரும் ஒரு குறடும். ஹோல்டர்ல தொங்குது.

சிரிக்காம என்ன பண்றது, சொல்லுங்க. இந்தப் பவரை வச்சுக்கிட்டு, கழண்டு போன கண்ணாடிக் காலை ஒரு கையில, மிச்சக் கண்ணாடியை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு அவ்வளவு பெரிய ரோட்டைத் தாண்டி வந்திருக்கீங்களே, உங்க நெஞ்சழுத்தம் யாருக்கு வரும். பஸ்ஸுல இருந்து இறங்குறப்பத்தான் ஸ்குரூ விழுந்துச்சா? அது அப்படித்தான். மாசக் கணக்கா ஆடிக்கிட்டே இருக்கும், நாம கண்டுக்க மாட்டோம். ஒரு நாள் கையோட வந்துடும்.

அந்தச் சத்தமா? உள்ரூம்ல டிரில் போடுறார். எங்க வீட்டுக்காரர்தான். பயப்படாதீங்க, சுவரு ஒன்னும் விழாது. இன்னொரு ஹோல்டர் தயார் பண்றார். எதுக்குன்னு சொல்றேன் இருங்க, முதல்ல உங்களுக்கு இந்த மேஜையைச் சொல்லணும். உங்களுக்கு எல்லாம் மசமசன்னு தெரியும், நானே சொல்றேன்.

உங்களுக்கு முன்னால இருக்கிறது மேஜை. அதுக்குப் பின்னால நான். எனக்கு முன்னால, பின்னால, ரெண்டு பக்கமும் ஹோல்டர். மேஜை விளிம்புல திருகி மாட்டுனது, சுவத்துல ஆணி அடிச்சது, பசை வச்சு ஒட்டுனது, காந்தம் வச்சது. தலைக்கு மேல ஒன்னு வளைஞ்சு வருது பாருங்க, சரி, பாக்க முடியாது, அதுல விளக்கு. மொத்தம் நாப்பத்தி ஒன்னு. எண்ணுறதுக்கு எனக்கு நேரம் இருக்குல்ல.

நான் கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு கண்ணாடிக் கடையிலதான் வேலை பழகுனேன். கட்டிக்கிட்டு வந்தப்புறம், வெளிய போய் அலைய வேணாம், முன்ரூம்லயே கடை போட்டுடலாம்னு அவர்தான் சொன்னார். நல்ல மனசு. நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் வேலை பாக்குற லட்சணம் இருக்கே, ஸ்குரூ டிரைவர் எங்க வச்சேன், ட்வீசர் எங்க வச்சேன்னு கீழ குனிஞ்சு தேடுறதுலயே பாதி நாள் போயிடும். எள்ளு மாதிரி ஸ்குரூக்கா அதெல்லாம். தும்முனா காணாமப் போயிடும்.

அவர் அப்ப ஒரு ஃபேக்டரில டூல் ரூம் பார்த்துக்கிட்டு இருந்தார். அங்க ஒரு முறை உண்டாம். சுவத்துல ஒவ்வொரு சாமானையும் வச்சு, அதைச் சுத்தி கறுப்பு மையில கோடு போட்டுடுவாங்க. சாமானை எடுத்தா அதோட உருவம் மட்டும் சுவத்துல நிக்கும். எது இல்லைன்னு வாசல்ல இருந்தே தெரியும். ஃபேக்டரியை மூடிட்டாங்க, அவர் வீட்டுக்கு வந்துட்டார், கூடவே அந்த முறையும் வந்துடுச்சு. முதல்ல ஸ்குரூ டிரைவருக்கு ஒரு கிளிப்பு. நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அம்மா என்ன சொன்னாங்க, உனக்கென்னடி, குடுத்து வச்சவ, உங்கப்பா எனக்கு ஒரு கரண்டி மாட்ட ஆணி அடிச்சதில்லன்னாங்க.

ஆமாங்க்கா, ஸ்குரூ ஏறுற இந்த மரை நல்லாத் தேஞ்சு போச்சு. சாதாரண ஸ்குரூ நிக்காது. கொஞ்சம் நேரமாகும், அவசரப்பட்டா ஃபிரேம் விண்டுடும். நீங்க வேணா தண்ணி குடிக்கிறீங்களா? என்னங்க, இந்த அக்காவுக்கா? இல்லங்க, வேணாமாம், நீங்க வேலையைப் பாருங்க.

ம், மறுபடி ஆரம்பிச்சிட்டார். டிரில் ஓடுற வரைக்கும் நம்ம பேச்சு உள்ள கேக்காது. நின்னுச்சுன்னா நான் ஸ்குரூவைப் பத்தித்தான் பேசுவேன், நீங்க திடுக்கிடாதீங்க.

எங்க விட்டேன்? கிளிப்பு. அப்புறம் குறடுக்கு, துணிக்கு, பசைக்கு. அதோட நின்னிருந்தா நானும் ஊரைக் கூட்டிப் பெருமை பேசியிருப்பேன். தண்ணி குடிக்க எழுந்து போவேன்ல, அதைப் பார்த்தார். எதுக்கு எழுந்திரிக்கிற, என்ன வேணும், சொன்னா நான் எடுத்துத் தர மாட்டேனான்னார். மறுநாள் மேஜை ஓரத்துல பாட்டிலுக்கு ஒரு வளையம். மாத்திரை போட எழுந்தேன், மாத்திரைக்கு ஒரு டப்பா. தலை சீவ எழுந்தேன், சீப்புக்கு ஒரு கொக்கி. குப்பையைக் கொண்டு போய்ப் போடுவேன், அதுல தெருவுல ரெண்டு பேரைப் பார்த்துச் சிரிப்பேன். கால் பக்கத்துல ஒரு கூடையைத் தொங்க விட்டுட்டார், நிறைஞ்சா அவரே எடுத்துட்டுப் போறார்.

குடுக்கல் வாங்கலும் அப்படித்தான். அந்த ஸ்டாண்டுல ஒரு அட்டை இருக்கு, உங்க போனைக் காட்டுனா பணம் நேரா அவருக்குப் போயிடும். சில்லறை தேடுற தொல்லை இல்லைங்கிறார். நான் ரூபாயைக் கையில தொட்டு ரொம்ப நாளாச்சு.

அடிப்பாரா? சேச்சே! ஒரு வார்த்தை கடிஞ்சு பேச மாட்டார். கதவைப் பூட்டுறதும் இல்ல, நீங்களே தள்ளிக்கிட்டுத்தானே வந்தீங்க. வர்றவங்க எல்லாம் இந்தச் சுவத்தைப் பார்த்து வாயைப் பொளப்பாங்க. என் வீட்டுல இருக்கிறதும் ஒன்னு இருக்கே, துரும்பைக் கிள்ளிப் போடாதுன்னு பொலம்பிட்டுப் போவாங்க. நான் யார்கிட்டப் போய் என்னன்னு சொல்றது? என் புருஷன் எனக்கு வேணுங்கிறதை எல்லாம் கையில தர்றார், என்னால தாங்க முடியலன்னா? கொழுப்புடி உனக்குன்னு சொல்ல மாட்டாங்க?

சாயந்தரம் வேலை முடிஞ்சதும் வந்து வாசல்ல நிப்பார். ஒரு பார்வை பார்ப்பார். எல்லாம் அதது கோட்டுக்குள்ள இருக்கணும். இருந்துச்சுன்னா அப்படி ஒரு நிம்மதி அந்த முகத்துல. என்னைப் பார்க்க மாட்டார்க்கா. சுவத்தைப் பார்த்துட்டுப் போயிடுவார்.

அந்த வளைஞ்ச கம்பி இருக்கே, உங்க இடது பக்கம், கை வச்சா தட்டுப்படும். ம், அதுதான். அது போனுக்கு. அம்மா படுத்துட்டாங்கன்னு தங்கச்சி சொன்னப்ப அதை மாட்டுனார். ரெண்டு பஸ் மாறிப் போகணும், அங்க போய் நீ என்ன டாக்டரா, இங்க இருந்தே முகத்தைப் பார்த்துப் பேசுன்னார். பேசுனேன். பதினோரு நாள் பேசுனேன். பன்னெண்டாம் நாள் அம்மா போயிட்டாங்க.

நான் எழுந்தேன்க்கா. அன்னைக்கு எழுந்துட்டேன். அவர் என் தோளைப் பிடிச்சு மெதுவா உக்கார வச்சார். அழுதார் அவரும், பொய் சொல்லக் கூடாது. அந்தக் கூட்டத்துல நீ பின்னால நிப்ப, உனக்கு எதுவும் தெரியாது, இதுல பாரு, பக்கத்துல தெரியும்னு கம்பியை வளைச்சு என் மூக்குக்கு நேரா வச்சார். தங்கச்சி அங்க போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னா. பெத்தவளைத் தூக்கிட்டுப் போனதை நான் இந்த முக்காலியில உக்காந்து பார்த்தேன். கையில யாரோ ஒருத்தரோட கண்ணாடி. மூக்குப் பொத்தான் மாத்திக்கிட்டு இருந்தேன். அதை முடிச்சேன். அந்த ஆளு சாயந்தரம் வந்து வாங்கிட்டுப் போனார்.

லேசா வளைஞ்சிருக்குக்கா உங்க ஃபிரேமு. சூடு காட்டி நிமித்தணும். கீழ விழுந்துச்சா முன்னாடி? பேரன் மிதிச்சானா? அப்படிச் சொல்லுங்க. பிள்ளைங்க இருக்கிற வீட்டுல கண்ணாடியை உசரத்துல வைக்கணும். என்னங்க? ஆமாங்க, ஹோல்டர்தான் வைக்கணும். அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

அப்பாடா, டிரில் ஓடுது.

அம்மா போய் ரெண்டு மாசம் ஆகுது. தங்கச்சி ஒருத்திதான் அந்த வீட்டுல இருக்கா. எப்பக்கா வர்றன்னு கேட்டா. அந்தப் போனுல பேசுனா வீடு முழுக்கக் கேக்கும், அவர் உள்ள இருந்தே, வேலை நிறைய இருக்கும்மா, நீ இதுலயே பேசும்மான்னு சொல்லிட்டார். அப்புறம் அவ மெதுவா, கதவு திறந்துதான் இருக்கும்க்கான்னா. அதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல.

ஒரு நாள் காலையில எழுந்து கேட்டு வரைக்கும் போயிட்டேன். ஒன்னும் எடுத்துக்கல, சும்மா போனேன். பின்னாடியே வந்தார். என்ன வேணும்னு கேட்டார். கோவமாக் கேட்டிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். அன்பாக் கேக்குறார்க்கா, என்ன வேணும், சொல்லு, கொண்டு வந்து தர்றேங்கிறார். என் அம்மா வேணும்னு சொல்ல வாய் வரல. காத்து வாங்கலாம்னு வந்தேன்னு சொல்லிட்டேன். சரி வான்னு கூட்டிட்டு வந்தார். மறுநாள் பாத்தா மேஜையில ஃபேனு. கிளிப்பு வச்சது. உங்க முகத்துல அடிக்குதுல்ல, அந்தக் காத்துதான்.

அன்னைக்குப் புரிஞ்சுச்சு. இந்த வீட்டுல எழுந்திரிக்கணும்னா ஒரு காரணம் வேணும். நான் எந்தக் காரணத்தைச் சொன்னாலும் அதுக்கு அவர்கிட்ட ஒரு ஹோல்டர் இருக்கு. மிச்சம் இருந்தது சமையல் ஒன்னுதான். அடுப்பங்கரைக்குப் போய் நிக்கிற அந்த ஒரு மணி நேரம் ஜன்னல் வழியா ரோடு தெரியும், பஸ்ஸு போறது தெரியும். இப்ப உள்ள டிரில் போடுறார்ல? அது அடுப்பு வைக்கிற பலகைக்கு. கரண்டு அடுப்பு வாங்கிட்டு வந்துட்டார், இந்தா, எனக்கு வலது கைப் பக்கம் மாட்டப் போறார். உக்காந்த இடத்துலயே சமைக்கலாமாம். பாத்ரூம் போறதுக்கு மட்டும் இன்னும் ஒன்னும் கண்டுபிடிக்கல, அந்த மட்டும் புண்ணியம்.

பதினாலு மாசமாச்சுக்கா நான் அந்தக் கேட்டைத் தாண்டி. முதல்ல விளையாட்டாத்தான் இருந்துச்சு, இன்னைக்குப் போகலன்னா நாளைக்குன்னு.

நேரமாகுதா? பஸ்ஸு எத்தனை மணிக்கு? இன்னும் பத்து நிமிஷமா? போதும். நல்லாக் கேட்டுக்கோங்க. உங்க கண்ணாடி எப்பவோ ரெடியாயிடுச்சு. எங்கம்மா கரண்டிக்கு ஆணி கேட்ட கதையைச் சொன்னேன்ல, அப்பவே முடிச்சுட்டேன். உங்க மரையும் தேயல, ஃபிரேமும் வளையல, எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. உங்க பைக்குள்ள, கைக்குட்டைக்கு அடியில வச்சிருக்கேன். எடுக்காதீங்க! இப்ப எடுக்காதீங்க, உங்க காலைத் தொட்டுக் கும்புடுறேன்.

உங்களுக்குக் கண்ணு தெரியாதுக்கா. கண்ணாடி இல்லாம உங்களால படி இறங்க முடியாது, ரோட்டைத் தாண்ட முடியாது. யாராவது கையைப் பிடிச்சு பஸ் ஸ்டாப்புல விடணும். நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன், அதுக்கு அவரால ஹோல்டர் அடிக்க முடியாது. நான் விடுறேன்னு அவரே கிளம்பி வருவார், நிச்சயமா வருவார். அப்ப நீங்க ஒன்னே ஒன்னு சொல்லணும். பழக்கமில்லாத ஆம்பளை கையைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டுல நடக்க எனக்குக் கூச்சமா இருக்கு, இந்தப் பொண்ணே வரட்டும்னு சொல்லணும். சொல்லுவீங்களா? சொல்லுவீங்கல்ல?

கூலி வேணாம்க்கா. ஒரே ஒரு டிக்கெட் எடுத்துக் குடுங்க. ரெண்டாவது பஸ்ஸை நான் பார்த்துக்கறேன்.

இருங்க. இந்த ட்வீசரை அதோட கோட்டுக்குள்ள வச்சுடறேன். குறடு. துணி. பாட்டில். போனும் அந்தக் கம்பியிலயே இருக்கட்டும். எதுவும் எடுத்துக்கப் போறதில்ல. வந்து நின்னு பாத்தார்னா சுவத்துல ஒன்னு குறையக் கூடாது.

நின்னுடுச்சு.

என்னங்க, இந்த அக்கா கண்ணாடிக்கு ஏத்த ஸ்குரூ நம்மகிட்ட இல்லங்க. நாளைக்கு யாரையாவது அனுப்பி வாங்கிக்கறேங்கறாங்க. பாவம், சுத்தமாக் கண்ணு தெரியல. ரோட்டைத் தாண்டி பஸ்ஸு ஏத்தி விட்டுட்டு வந்துடறேன். இல்ல, நீங்களா? கேளுங்க, அவங்ககிட்டயே கேளுங்க. பாத்தீங்களா? அவங்க சொல்றதும் நியாயம்தானே. எனக்கா? எனக்கு ஒன்னும் வேணாங்க. எல்லாம் இருக்கு. செருப்பா? அது எங்க இருக்குன்னே தெரியல, அதுக்குத்தான் நீங்க ஹோல்டரே அடிக்கலையே. பரவாயில்ல, இதோ இங்கதானே.

கையைக் குடுங்கக்கா. மூணு படி இருக்கு. பாத்து. ஒன்னு. ரெண்டு. நல்லாத் தடவித் தடவி வாங்க, பாத்துக்கிட்டுத்தான் இருப்பார். மூணு. கேட்டு. கொஞ்சம் இடது பக்கமா வாங்க. திரும்பாதீங்க, நானும் திரும்பல.

அவ்வளவுதான். இந்த மரத்துக்கு இந்தப் பக்கம் அங்க இருந்து தெரியாது. இப்ப கண்ணாடியைப் போட்டுக்கோங்க. நல்லாத் தெரியுதா? எல்லாம் தெளிவா இருக்கா?

அப்ப இனிமே நீங்கதான்க்கா என்னைக் கூட்டிட்டுப் போகணும். வண்டி எல்லாம் இவ்வளவு வேகமா வருதே. எனக்கு எந்தப் பக்கம் பாக்கணும்னே தெரியல. கையை மட்டும் விட்டுடாதீங்க.