பூங்காவுக்கு விட்ட மூலை

— சதுர அடி ஆயிரத்து நானூறு ரூவாங்க, அம்மிணி. தார் ரோட்டு மூலை, கெழக்குப் பாத்த மேடு. நேத்துக்கூட ஒரு லாரிக்காரர் கேட்டாரு. கொடுக்கலீங்க.

— அவருக்குக் கொடுக்காம, எங்க ஊராட்சிக்குப் பூங்கான்னு சும்மா எழுதி வெக்கறீங்க. அங்கதான் எனக்கு இடிக்குது, தனசேகரண்ணா. தலைவரா வந்து எத்தனை மனை வரைபடம் பாத்துட்டேன்! பத்துல ஒரு பங்கு பூங்காவுக்கு விடச் சொன்னா, அத்தனை பேரும் ஓடைக்கரைப் பள்ளத்தைத்தான் காட்டுவாங்க. எருமைகூட எறங்க யோசிக்கும்.

— என்ற மனசு பெருசுன்னு வெச்சுக்கங்க.

— உங்க மனசு தெரியாதா? ஒரு பஜ்ஜிக்கு மூணுதரம் சட்னி வாங்கற மனசு.

— சட்னிக்குக் காசில்லீங்களே. வாங்காம வந்தா நட்டமுங்க.

— ஓடைக்கரை அறுநூறு போகுமா? அடிக்கு எண்ணூறு நட்டம். பன்னெண்டாயிரம் அடிக்குத் தொண்ணூத்தாறு லட்சம். நாலு வருசம் கழிச்சுப் பூங்காவையே மனை போட்டு விக்கற யோசனையா?

— நாளைக்கே தானப் பத்திரம் எழுதித் தந்தர்றனுங்க.

— சந்தோசம். நாளைக்கே கூட்டத்துல தீர்மானம் போட்டுத் தண்ணித் தொட்டியையும் அந்த மேட்டுலயே கட்டீர்றோம். எட்டடி ஆழத்துக்குக் குழி, நாலு தூணு. தெக்குத் தெருவுக்கு மூணு நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி வருது. அந்தத் தொட்டியச் சொல்லித்தான் ஓட்டே வாங்குனேன்.

— குழி வேண்டாங்க, அம்மிணி.

— தூணை ஆகாசத்துலயா நடறது?

— பூங்கான்னா பூங்காவாவே இருக்கட்டும். ஊஞ்சல் போடுங்க.

— ஊஞ்சலுக்கும் குழி எடுக்கோணும்.

— அப்ப ஊஞ்சலும் வேண்டாம். புல்லு போதும்.

— மரம்?

— வெதையத் தூவி வுடுங்க. மொளைக்கறது மொளைக்கட்டும்.

— அண்ணா, என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. அடியில என்ன இருக்குது? புதையலா?

— ஒரு கொழந்தைங்க.

— என்னது!

— பயப்படாதீங்க. இருபத்தாறு வருசமாச்சு. நீங்க இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வாரதுக்கு முந்தி. இந்தச் சோளக்காட்டுல குடியிருந்த ஒரு புருசன் பொண்டாட்டியோடது. பொறந்து பத்தொம்போதாம் நாளு, காய்ச்சல்ல போயிருச்சு. பச்சைக் கொழந்தையச் சுடமாட்டமுங்களே. காட்டுலயே பொதைச்சாங்க.

— அய்யோ சாமி.

— இங்க மனை போடறாங்கன்னு தெரிஞ்சதும் அந்தம்மா அழுவல, சண்டை போடல. ஒன்னே ஒன்னுதான் சொல்லுச்சு. "அது மேல யாரும் கக்கூசு கட்டிராம பாத்துக்கங்க"ன்னுச்சு.

— இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? எடத்தைக் காட்டச் சொல்லுங்க. நாலடி வேலி போட்டு, ஊராட்சியே பாத்துக்குது. தொட்டி தள்ளிக் கட்டிக்கறோம்.

— எடம் தெரியாதுங்க.

— பெத்தவளுக்கா தெரியாது?

— பச்சை ஒடம்புக்காரியக் கூட்டீட்டுப் போகமாட்டாங்களே. புருசன் மட்டுந்தான் துணியில சுத்தி எடுத்துட்டுப் போனான். அடையாளக் கல்லு வெச்சா அடுத்த கொழந்தை தங்காதுன்னு பெரியவங்க சொல்லீட்டாங்க. வெக்கல. மழை பேஞ்சுது, உழுதாங்க, சோளம் வெதைச்சாங்க. இந்த மூலைக்குள்ளதான், அவ்வளவுதான் தெரியும். அதான் மூலைய முச்சூடும் வுட்டுட்டேன்.

— அந்த ஆளுக்குமா தெரியாது? குழி வெட்டுன கை மறக்குமா? என்ன மனுசன்!

— திட்டுங்க.

— திட்டாம? சரி, தெக்குத் தெருவுக்கு என்ன பதில் சொல்லட்டும்? மேட்டுல பக்கத்து மனை, பதினொன்னாம் நம்பரு. அதைத் தொட்டிக்குக் கொடுங்க.

— தந்தேன்.

— பேரமே பேசாமயா? அப்பப் பன்னெண்டும்.

— அம்மிணி, நீங்க மட்டும் யாவாரத்துக்கு வந்திருந்தா நானெல்லாம் பஜ்ஜி சுட்டுட்டு இருப்பேன். தந்தேன். தொட்டிக்குத் தண்ணியெடுக்கப் போரும் என்ற செலவுலயே போட்டுத் தர்றேன்.

— நாளைக்குத் தீர்மானத்துல "பூங்காவில் எக்காரணத்துக்கும் குழி தோண்டக் கூடாது"ன்னு நானே என்ற கையால எழுதறேன். ஏன்னு யாரும் கேக்க வேண்டியதில்ல. ஆனா அந்தப் புருசன்காரனை ஒருக்கா கூட்டீட்டு வாங்க. நாலு கேள்வி கேக்காம எனக்கு மனசு ஆறாது.

— கூட்டீட்டு வர வேண்டியதில்லீங்க, உங்க முன்னாடிதான் நிக்கறேன். பூங்காவுக்குப் பத்து மனை எடம், தொட்டிக்கு ரெண்டு மனை, ஒரு போரு, அத்தனையும் வரவு வெச்சாச்சு. "எங்கீங்க வெச்சீங்க"ன்னு என்ற பொண்டாட்டி சாலம்மா கேட்டது மட்டும் இருபத்தாறு வருசமா பாக்கி நிக்குதுங்க.