மூன்றாவது ஷிதோ

எனக்குத் தேநீர் கொஞ்சம் ஆறியிருந்தால்தான் பிடிக்கும் ஐயா. தொடாமல் வைத்திருப்பதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விளிம்பு வரை ஊற்றியிருக்கிறீர்கள். எங்கள் ஊர் மர்கிலானில் விருந்தாளிக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றுவோம். தீரத் தீர மறுபடி அரைக் கிண்ணம். ததும்ப ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். நீங்களோ என்னைக் கிளம்ப விடப்போவதும் இல்லை.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்பது ஒன்றுதான். கழுத்து நெரிபட்டபோது நோதிர் தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டினானா, இல்லையா? நடுவராக அவன் பக்கத்திலேயே குனிந்திருந்தவன் நான். சொல்கிறேன்.

என் அப்பா சந்தையில் பட்டு விற்றவர். காலையில் ஒரு விலை சொல்லிச் சத்தியம் செய்வார். மதியத்துக்குள் விலையும் சத்தியமும் பாதியாகியிருக்கும். அந்தக் கடையில் வளர்ந்தவனுக்கு ஜூடோ பாய் சொர்க்கமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. முதுகு பாயில் முழுதாகப் பதிந்தால் இப்போன், ஆட்டம் தீர்ந்தது. அரைகுறையாக விழுந்தால் வசாரி, அரைப் புள்ளி. மோதாமல் நழுவினால் ஷிதோ என்ற தண்டனை. மூன்றாவது ஷிதோ வாங்கினவன் வெளியே. பேரமே கிடையாது.

நோதிரின் அப்பாவும் பயிற்சியாளருமான சோபிர் என் பள்ளித் தோழன். நாங்கள் கூட்டாளிகள் வெள்ளிதோறும் முறைவைத்து ஒருவர் வீட்டில் கூடி, புலாவ் ஆக்கிச் சாப்பிடுவோம். மனைவி விட்டுப் போன பிறகு எனக்கு வாரத்தில் இருந்த ஒரே நாள் அதுதான். நோதிர் என்னைச் சித்தப்பா என்றே கூப்பிடுவான்.

போன வருடத் தேர்வுப் போட்டியில் அவன் ஒரு வசாரி முன்னால் இருந்தான். கடைசி நேரத்தில் புள்ளியைக் காப்பாற்றப் பின்வாங்கிக்கொண்டே இருந்தான். நாலு நொடி இருக்கும்போது மூன்றாவது ஷிதோ கொடுத்தேன். தேசிய அணி கைநழுவிப் போயிற்று. அந்த வெள்ளிக்கிழமை முறை சோபிர் வீட்டில்.

“ஏண்டா மிர்வோஹித், நாலு நொடி கண்ண மூடிக்கிட்டிருந்தா உன் அப்பன் கடை முழுகிப்போயிருக்குமா?” என்றான் சோபிர்.

“அட விடுப்பா, இவன் பொண்டாட்டிக்கே ஷிதோ குடுத்துத் தொரத்தினவன்தானே,” என்றார் செருப்புக் கடை துர்சுன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“விதின்னு ஒண்ணு இருக்குல்ல,” என்றேன்.

சோபிர் கூஜாவை எடுத்து என் கிண்ணத்தில் ஊற்றினான், விளிம்பு வரை.

அதற்குப் பிறகு யாரும் என்னை அழைக்கவில்லை. தெருவில் பார்த்தால் நெஞ்சில் கைவைத்து வணக்கம் சொல்வார்கள், நிற்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் தனியாகப் புலாவ் ஆக்கிப் பார்த்தேன். என்னிடம் இருப்பதோ இருபது பேருக்கு ஆக்கும் கொப்பரை. ஒருவனுக்கான அரிசி அதன் அடியில் சமைவதில்லை, தீய்கிறது.

இந்த வருடம் அதே அரங்கு. வணங்கிவிட்டுப் பாயில் ஏறும்போது நோதிர் குனிந்து, “சித்தப்பா, இந்தத் தடவையாச்சும் கொஞ்சம் பாத்துக்குங்க,” என்று சிரித்தான். நல்ல பையன்.

எங்கள் பையன்கள் குராஷ் மல்யுத்தத்தில் வளர்ந்தவர்கள். நின்று தூக்கி எறிவார்கள். தரையில் விழுந்தால் தடுமாறுவார்கள், குராஷில் தரைச் சண்டையே கிடையாது. நோதிரும் அப்படித்தான். எதிராளி அவன் முதுகில் ஏறி, சட்டைக் கழுத்தை இறுக்கினான். நோதிரின் ஒரு கை அடியில் மாட்டிக்கொண்டது. மறு கை வெளியே வந்து தேடியது. நான் ஓர் அடி நகர்ந்தேன். எங்கே நின்றால் மேற்பார்வையாளர் மேசைக்கும் படக்கருவிக்கும் மறைக்கும் என்பதெல்லாம் அனுபவத்தில் தெரியும்.

அந்தக் கைக்கு என் பாதம் கிடைத்தது. தட்டினான்.

பாயைத் தட்டலாம், எதிராளியைத் தட்டலாம், தன் உடம்பையே தட்டலாம் என்கிறது விதி. நடுவரின் பாதத்தைப் பற்றி அதில் எதுவும் இல்லை. மறுபடி தட்டினான். பிறகு தட்டுவதை விட்டு என் கால்விரல்களைப் பிடித்துக்கொண்டான். ஒரு மனிதக் கை என்னைத் தொட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. மயங்கினால் நிறுத்த வேண்டும்தான். ஆனால் மயக்கம் என்று நடுவருக்குத் தோன்ற வேண்டும். அந்தக் கை தானாக விடுகிற வரையில் எனக்குத் தோன்றவில்லை. விட்ட பிறகும் கொஞ்ச நேரம் தோன்றவில்லை.

இப்போன் என்று கையை உயர்த்தினேன். நோதிர் எழவில்லை.

அடக்கம் முடிந்த வெள்ளிக்கிழமை சோபிர் என் வீட்டுக்கு வந்தான். அவனைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

“உண்மையச் சொல்லுடா. புள்ள தட்டினானா?”

“இல்லடா.”

“நான்தாண்டா கொன்னேன். செத்தாலும் தட்டாதேன்னு நான்தானே சொல்லி வளத்தேன்.”

நான் மறுக்கவில்லை. அரைக் கிண்ணம் ஊற்றிக் கொடுத்தேன். அது தீர்ந்ததும் இன்னோர் அரைக் கிண்ணம். அன்று முதல் எல்லா வெள்ளியும் வருகிறான். இருவருக்கு ஆக்கினால் அரிசி அவ்வளவாகத் தீய்வதில்லை.

மேல்தளத்திலிருந்து யாரோ கைபேசியில் எடுத்த படம் உங்களிடம் இருக்கிறது, தெரியும். அதில் இருப்பது நோதிரின் கை, என் பாதம். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கொஞ்சம் சீக்கிரம் எழுதினால் உதவியாக இருக்கும். இன்று வெள்ளி. சோபிர் வாசலில் நிற்பான். பாவம், மகனை இழந்தவன். என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?