பாதியில் நின்ற கோடு

நீங்கள் கொடுத்த நாற்காலியில் ஒரு கால் சற்றுக் குட்டை. ஓர் அட்டையை மடித்து அடியில் வைத்தால் சரியாகிவிடும். குறை சொல்லவில்லை ஐயா, கண்ணில் பட்டதைச் சொன்னேன். பத்தொன்பது வருடமாக என் பிழைப்பே அதுதான்.

நாணயச்சாலையில் நினைவு நாணயம் வெளியிடும்போது பெட்டிக்குள் மடித்த தாள் ஒன்று இருக்கும். இந்த வளைவு எதைக் குறிக்கிறது, அந்தப் புள்ளிக்கு என்ன பொருள் என்று அதில் இருக்கும். பெரும்பாலோர் அதைப் பிரிப்பதே இல்லை. அதை எழுதுகிறவன் நான். அங்கே எனக்குப் பெயரே ‘விளக்கம்’தான்.

இறந்துபோனவர் என் தங்கையின் கணவர். அங்கே வடிவமைப்பாளர். அப்பா இல்லாத வீட்டில் தங்கையை வளர்த்தவன் நான். ஆளை நன்றாகப் பார்த்துப் பழகிய பிறகுதான் பெண் கொடுத்தேன். மாப்பிள்ளை தங்கமான மனிதர். அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

முகமும் கட்டடமும் பொறிப்பது பழைய பாணி என்று மேலிடம் சொல்லிவிட்டதால், சில வருடங்களாக வெறும் கோடுகளும் வளைவுகளும்தான். “நீங்க இருக்கற தைரியத்துலதான் மச்சான் நான் கோடு போடறேன். எப்படியும் ஒரு கதை விட்டுடுவீங்க” என்பார். நானும் சிரிப்பேன்.

அணைக்கட்டின் ஐம்பதாம் ஆண்டு நாணயத்தில் மூன்று வளைகோடுகள், ஓரத்தில் ஒரு புள்ளி. மூன்று தலைமுறையின் உழைப்பு, அதற்குள் அடங்கிய நீர் என்று எழுதினேன். மேலதிகாரி கைகொடுத்துப் பாராட்டினார். அன்று சாப்பிடும்போது மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

“உண்மையில என்ன நினைச்சு வரைஞ்சீங்க?”

“ஒண்ணும் நினைக்கல மச்சான். சும்மா ஒரு கிறுக்கல்.”

யாரும் சும்மா கிறுக்குவதில்லை. அன்றிலிருந்து கவனிக்கத் தொடங்கினேன்.

அடுத்தது மருத்துவமனையின் நூற்றாண்டு. இரண்டு கோடுகள் அருகருகே போகும். ஒன்று பாதியில் நின்றுவிடும். நோய் நிற்கிறது, உயிர் தொடர்கிறது என்று தாளில் எழுதினேன். ஆனால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, நின்றுபோன கோடு மற்றதைவிட மெலிதாக இருந்தது. அந்த மாதம் தங்கையும் மெலிந்திருந்தாள்.

வீட்டுக்குப் போய், ஏதாவது சங்கடமா என்று அவளிடமே கேட்டேன்.

“ரெண்டரை வயசு வாலு பின்னாடி நாள் முழுக்க ஓடிப் பாருண்ணா, நீயும் இளைச்சுடுவே” என்றாள். பாப்பா அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. தங்கை சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு ரயில் நாணயம். சிறிய வளையம் ஒன்று. அதைத் தடித்த கோடு சுற்றிச் சுற்றி இறுக்கியிருந்தது. இது என்ன என்றேன். “தண்டவாளம்னு வெச்சுக்குங்களேன்” என்றார் மாப்பிள்ளை. ‘வெச்சுக்குங்களேன்’. நான் அன்று சாப்பிடவில்லை. மாலையில் போய், குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடு என்று தங்கையிடம் சொன்னேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “ஒரு வாரம் லீவு போடுண்ணா” என்றாள். பாவம், அவளுக்குக் கோடு படிக்கத் தெரியாது.

நான் அவசரப்படவில்லை. இன்னொரு நாணயத்துக்காகக் காத்திருந்தேன்.

மாதிரிகள் வைக்கும் அறை மேல்தளத்தில் இருக்கிறது. இறங்க இரும்புப் படி, செங்குத்தானது. மதியம் மூன்று மணிக்கு மாப்பிள்ளை புதிய மாதிரியோடு வெளியே வந்தார். சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிதாக்கி வார்த்த பிளாஸ்டர் வட்டம். நடுவில் ஒரே ஒரு கோடு. பக்கத்தில் இருக்கவேண்டிய கோட்டைக் காணோம்.

“இதுக்கு என்ன சொல்லப்போறீங்க மச்சான்?” என்றார்.

நன்றாக இருக்கிறது என்றேன். அவர் மேல்படியில் காலை வைத்தபோது முதுகில் கை வைத்தேன். தள்ளினேன் என்று எழுதினாலும் சரிதான். அந்த வட்டத்தை விட்டிருந்தால் கைப்பிடியைப் பிடித்திருக்கலாம். கடைசிப் படிவரை இரண்டு கையாலும் அதை மார்போடு அணைத்திருந்தார். அவ்வளவு முக்கியமானதா ஒரு கிறுக்கல்? அதையும் குறித்துக்கொண்டேன்.

கால் தவறி விழுந்தார் என்றார்கள். தங்கை என் தோளில்தான் அழுதாள். நான் எதுவும் மறைக்க நினைக்கவில்லை ஐயா. ஒற்றைக் கோடு நாணயத்துக்கு விளக்கம் கேட்டபோது உள்ளதை உள்ளபடி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி அதைப் படித்துவிட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டார்.

இப்போது இந்தத் தாள்களை மேசைமேல் பரப்பியிருக்கிறீர்கள். மாப்பிள்ளையின் இழுப்பறையில் கிடைத்ததாகச் சொல்கிறீர்கள். மெழுகு வண்ணக்குச்சியால் போட்டவை. மூன்று வளைவும் புள்ளியும். பாதியில் நின்ற கோடு. இறுகிய வளையம். ஒற்றைக் கோடு. ஒவ்வொன்றின் மூலையிலும் மாப்பிள்ளையின் கையெழுத்தில் தேதியும் ‘பாப்பா வரைந்தது’ என்ற குறிப்பும். அவர் இவற்றை அப்படியே பிரதி எடுத்திருக்கிறார், அவ்வளவுதான் என்கிறீர்கள். நான் உடைந்து அழுவேன் என்று காத்திருப்பதும் தெரிகிறது.

மாப்பிள்ளை விஷயத்தில் நான் தவறிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஐயா, என் தங்கை இப்போது அந்தக் குழந்தையோடு வீட்டில் தனியாக இருக்கிறாள். யாரையாவது உடனே அனுப்புங்கள்.